கடலில் மறைந்த காலைச் சூரியன்

கல்முனைக் கடற்கரை நெடுக நண்டுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படும் உயிரினம் எது தெரியுமா? போன் கமராவில் இயற்கைக் காட்சியைப் படம் பிடித்து, அதைப் பற்றி நம்முடைய ‘உண்மையான அபிப்பிராயத்தை’க் கேட்கும் மனிதர். நண்டாவது நம்மைக் கண்டால் வளைக்குள் ஓடிவிடும். இவர் நம்மை நோக்கி ஓடி வருவார்.

“சும்மா பாருங்க” என்றுதான் தொடங்குவார். பிறகு, “மனசில பட்டதச் சொல்லுங்க.” அதற்கும் பிறகு, “பிழையச் சொன்னாத்தானே நாம திருந்தலாம்?” நம்பிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியது ‘மாஷா அல்லாஹ்’ என்ற பாராட்டு ஒன்றுதான். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. படம் வந்து இரண்டு விநாடியில் எழுதினால் நீங்கள் படத்தைத் திறக்கவே இல்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து எழுதினால் பொறாமை. வெறும் கட்டைவிரலை மட்டும் அனுப்பினால், உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று மறுநாள் உங்கள் வீட்டில் விசாரிப்பார்.

எங்கள் சாய்ந்தமருதில் இந்த இனத்தின் தலைமகன் அப்துல் ஹமீட் சேர். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு, எங்களுக்கு இல்லை. கோமாரிக் கரையில் உள்ள தென்னை மரங்களைத் தனித்தனியாகவும், குடும்பமாகவும், காற்றடிக்கும்போதும், காற்றடிக்காதபோதும் படமெடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். மருதமுனையில் கைத்தறிச் சாரம் விற்கும் முபீன் ஒருநாள் வாயை அடக்க முடியாமல், “சேர், கடல் ஒரு பக்கம் சரிஞ்சிரிக்கு, தண்ணியெல்லாம் அக்கரைப்பத்துக்குப் போயிரும்” என்று எழுதிவிட்டார். அந்தச் சரிவு வேண்டுமென்றே வைத்தது என்று விளக்கி மூன்று நாளில் நாற்பத்திரண்டு குரல் பதிவுகள் வந்தன. நான்காம் நாள் முபீன் குழுவில் இல்லை.

இப்படிப்பட்டவரோடுதான் போன வருடக் கடைசியில் ஒரு கலியாண வீட்டில் ஒரே சஹனில் மாட்டிக்கொண்டேன். ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் பாதியில் எழும்பி ஓட முடியுமா? ஊர் என்ன சொல்லும்? சேருக்கு இது நன்றாகத் தெரியும். வலது கை சோற்றில் இருக்க, இடது கையால் போனை நீட்டினார்.

“மிஹ்லார் ஹாஜியார் ஹாட்வெயார் கடைக் கலண்டருக்கு இதத்தான் கேட்கிறார். எண்ட பேரும் போட்டு ரெண்டாயிரம் அடிக்கப் போறார். நாளைக்கு அச்சகத்துக்குப் போகுது. உள்ளதச் சொல்லுங்களன்.”

பார்த்தேன். கோமாரிக் கரை, இரண்டு தென்னை, கடலைத் தொட்டபடி பெரிய சிவப்புச் சூரியன். கீழே தங்க எழுத்தில், ‘கடலில் கண்மூடும் அந்திச் சூரியன் – அப்துல் ஹமீட்’.

அந்தியா? எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. இங்கே மேற்கே பார்த்துத் தொழுகைக்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் கடல் முதுகுப் பக்கம். சூரியன் அதிலிருந்து எழும்பும். ஒருநாளும் அங்கே போய் இறங்கியதில்லை. இறங்கினால் யாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், உலகம் அழியும் கியாமத் நாள் வந்துவிட்டதென்று தௌபாச் செய்து பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்!

போன் சஹனைச் சுற்றி வந்தது. நான்கு பேரும் இறைச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆளுக்கொரு மாஷா அல்லாஹ் சொன்னார்கள். மிஞ்சியது நான். சேர் பொரித்த கோழியில் பெரிய துண்டாக எடுத்து என் பக்கம் வைக்க வந்தார்.

“சேர், இது காலையில எடுத்ததா?”

துண்டு அந்தரத்தில் நின்றது. “ஏன் கேட்கிறீங்க?”

நான் கோழியைப் பார்த்தேன். சூரியனைப் பார்த்தேன். “இல்ல சேர், வெளிச்சம் அவ்வளவு வடிவு.”

கோழி என் பக்கம் வந்து இறங்கியது. வெட்கத்தோடுதான் சாப்பிட்டேன், ஆனால் முழுதாகச் சாப்பிட்டேன்.

ஜனவரியில் கலண்டர் வீடு வீடாகத் தொங்கியது. ஊர் எப்போது சிரிக்கப் போகிறது என்று நாள்தோறும் பயந்துகொண்டிருந்தேன். மூன்றாம் கிழமை சேரே என் வீட்டுக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

“நேத்து அந்திக்கு மஃரிப் தொழப் பள்ளிக்குப் போகக்குள்ள பார்த்தன். சூரியன் அந்தப் பக்கம் இறங்குது.”

“எந்தப் பக்கம் சேர்?”

“விளையாடாதீங்க. விடியக்காலையில எடுத்தத, வடிவுக்கு அந்தி எண்டு எழுதிப்போட்டன். கலண்டர் ரெண்டாயிரம் வீட்டில தொங்குது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல.”

“நல்லதுதானே? மானம் தப்பிச்சு.”

“என்ன நல்லது? அப்ப ஒருத்தரும் பார்க்கல்ல!” என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கு உண்மையிலேயே பாவமாகப் போயிற்று. இரண்டாயிரம் வீட்டிலும் திகதி பார்த்திருக்கிறார்கள், தொழுகை நேரம் பார்த்திருக்கிறார்கள், நோன்பு எப்போது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். படத்தை யார் பார்த்தார்கள்?

“நான் பார்த்தன் சேர். அண்டைக்கே, சஹனில.”

நிமிர்ந்தார். “அப்ப சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா?”

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “அந்த இடத்திலயே உங்களக் குழுவில இருந்து எடுத்திருப்பன்” என்றார். ஆனாலும் ஒருவராவது பார்த்திருக்கிறார் என்ற சந்தோஷம் முகத்தில் பரவிவிட்டது. தேத்தண்ணீர் குடித்தார். குடித்து முடித்த கையோடு போனை எடுத்தார். “இது நேத்து எடுத்தது. சும்மா பாருங்க.”

படத்தில் பாதியை அவருடைய விரல் மறைத்திருந்தது.

மாஷா அல்லாஹ் என்றேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சேர் அப்படி, நான் இப்படி, நீங்கள் மட்டும் நல்ல மனிதர். இருக்கட்டும். நேற்று மாலை வானம் சிவந்ததென்று ஒரு படம் ஸ்டேட்டஸில் போட்டீர்களே, அதை யார் யார் பார்த்தார்கள் என்று, இந்தக் கட்டுரையை வாசிக்கத் தொடங்கிய பிறகு எத்தனை தரம் எடுத்துப் பார்த்தீர்கள்?