உறுமலுக்குத் திறக்கும் கதவு

ஒரு காட்டில் சுருளாண்டி என்றோர் எறும்புதின்னி இருந்தான். மனசாட்சி கொஞ்சம் அதிகம். எறும்பைத் தின்றுவிட்டு, தின்றது சரிதானா என்று பொழுது சாயும்வரை யோசிப்பான்.

அந்தக் காட்டின் புலிராஜாவுக்குத் தனியாகக் குளிக்க ஒரு சுனை இருந்தது. அதற்குக் கதவு செய்யும் வேலை சுருளாண்டியிடம் வந்தது. சாவியே கிடையாது. ராஜா உறுமினால் திறக்கும், வேறு குரலுக்குத் திறக்காது. வயதாக ஆகக் குரல் மாறுமே என்று அவனுக்கு ஒரு கவலை. ஆகவே திறக்கும் ஒவ்வொரு முறையும், கடைசியாகக் கேட்ட உறுமலையே ராஜாவின் குரலாகக் கதவு மனதில் வைத்துக்கொள்ளும்படி செய்தான்.

கதவு எப்படி நடக்கவேண்டும் என்று எழுதிய மூலநிரல் முழுவதையும் ஆலமரத்தடியில் விரித்துப் போட்டான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், குறை இருந்தால் திருத்தலாம். திருத்த யாரும் வரவில்லை. கரடி மட்டும் வந்து, "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது.

அதே மரத்துக் கரிச்சான் குருவியும் ஒரு கருவியை இலவசமாக விட்டிருந்தது. எந்த ஒலியையும் அதில் இழுத்து, நசுக்கி, தடிப்பாக்கிக்கொள்ளலாம். தவளைகள் அதில் இடிமுழக்கம் செய்து விளையாடின. வெள்ளாயி என்ற முயல் புலி உறுமல் செய்தாள்.

ராஜா வேட்டைக்கு வெளியூர் போன கோடை முழுவதும் வெள்ளாயிதான் சுனையில் குளித்தாள். உறுமல் சப்பென்று இருப்பதாகத் தோன்றி, தினமும் கொஞ்சம் எதிரொலி சேர்த்துக்கொண்டாள். கதவும் தினமும் கற்றுக்கொண்டது.

ராஜா திரும்பி வந்து கதவின் முன் உறுமினார். மரங்கள் நடுங்கின.

"மன்னிக்கவும், குரல் பொருந்தவில்லை" என்றது கதவு.

மறுபடி உறுமினார்.

"தொண்டைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு முயலவும்."

அப்போது உள்ளிருந்து கதவைத் திறந்துகொண்டு, காதைத் துவட்டியபடி வெள்ளாயி வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

சுருளாண்டியை இழுத்து வந்தார்கள். ராஜா அவன் வாலை மிதித்துக்கொண்டார். "திறடா. இல்லேன்னா இன்னிக்கு நீதான் சாப்பாடு."

"எனக்குத் திறக்காது மகாராஜா. கள்ளவழி வைக்கிறது தப்புன்னு எனக்கே ஒண்ணு வச்சுக்கலை."

"யோக்கியன்கிட்ட வேலையைக் குடுத்தது என் புத்தி!"

"நான் வேணா உறுமித் திறந்து விடட்டுமா?" என்றாள் வெள்ளாயி.

"என் சுனைக்கு உன் தயவில நான் போகணுமா?"

"அப்போ நீங்களே என்னை மாதிரி உறுமுங்க."

சுருளாண்டியின் வால் இன்னும் பாதத்தின் அடியில்தான். ராஜா உறுமினார்.

"இவ்வளவு கோபம் வேண்டாம். கடைசியில கொஞ்சம் இழுங்க. ஆங், எதிரொலி!"

"இப்போ சரியா, டீச்சர்?"

கதவு திறந்தது. "வருக மகாராஜா! நேற்றைவிடக் கொஞ்சம் சுமார்தான்."

ராஜா பாதத்தை எடுத்துக்கொண்டு, வெட்கத்தோடு குளிக்கப் போனார். சுருளாண்டி ஆலமரத்தடியில் சுருண்டு யோசித்தான். கதவு எழுதியபடிதான் நடந்திருக்கிறது. அப்படியென்றால் தவறியது யார், புலியா?

கரடி எட்டிப் பார்த்தது. "எழுத்து இன்னும் சின்னதாத்தான் இருக்கு."

நீதி: நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்க, உங்களைப் போல நடிப்பவரிடம் பயிற்சி எடுங்கள். கட்டணம் கிடையாது. உத்தரவாதமும் கிடையாது.