ஒன்றரை ஆள் ஒட்டிலி

நீதி என்பது இவ்வுலகில் எங்காவது முழு உடல்நலத்தோடு வாழ்கிறது என்றால், அது எங்கள் மாநில உயர்நிலைப்பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில்தான் வாழ்கிறது. இதை நான் போகிறபோக்கில் சொல்லவில்லை. புனித வில்லிப்ரார்ட் தனியார் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவன், கொர்னேலியஸ் ஓவர்பெக் சொல்கிறேன். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு, ஆளை ஆள் மோதி வீழ்த்தும் அந்த ஆட்டத்துக்கான மைதானத்துக்கு, என் தாத்தாவின் பெயர். உடை மாற்றும் அறைக்கு என் அப்பாவின் பெயர். நான்கு தலைமுறையாக அந்தப் பெயரின் மேல் பறவைகளைத் தவிர யாரும் கறை பூசியதில்லை.

சங்கத்தின் விதி எளிது. சின்னப் பள்ளி சின்னப் பள்ளியோடு மோத வேண்டும், பெரியது பெரியதோடு. நானூற்றைம்பது மாணவர் வரை மூன்றாம் பிரிவு. அதற்கு மேல் போனால் நான்காம் பிரிவு; அங்கே தலைநகரத்துப் பள்ளிக்காரர்கள் எலும்பை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். இதில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு மனக்குறை. தங்கள் ஊர் எல்லைக்குள் பிறந்த பிள்ளைகளை வைத்துத்தான் அவர்கள் அணி கட்ட வேண்டும்; தனியார் பள்ளிக்கு எல்லையே இல்லையாம். சங்கம் மனமிரங்கி ஒரு சட்டம் போட்டது. தனியார் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஒன்றரை ஆளாகக் கணக்கிடப்படுவார். எங்கள் பிள்ளைகளின் தரத்துக்குச் சங்கம் கொடுத்த நற்சான்றாக நாங்கள் இதை ஏற்றுக்கொண்டோம்.

நாங்கள் ஒருபோதும் ஆள் பிடித்ததில்லை. நாங்கள் 'வரவேற்கிறோம்'. உதாரணத்துக்கு ப்ரோடி. இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு எடை. எழுபது மைல் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து தினமும் வருகிறான். காரணம், லத்தீன் மொழியின் மேல் கொண்ட தணியாத தாகம். சேர்க்கை நேர்காணலில் நானும் இருந்தேன்.

"லத்தீன்ல ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லுப்பா," என்றார் தலைமையாசிரியர் ஃபாதர் லாம்பர்ட்.

ப்ரோடி வெகுநேரம் யோசித்தான். "ஆமென்."

"அது எபிரேயமாச்சே."

"பாத்தீங்களா ஃபாதர்," என்றார் பயிற்சியாளர் ப்ரஷ்கா. "பையனுக்கு ரெண்டு மொழி."

முழு உதவித்தொகை வழங்கப்பட்டது. இப்படிப்பட்ட மொழி ஆர்வலர்கள் அறுபது பேர் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுடைய கல்வித் தாகத்தின் பக்கவிளைவாக எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மாநிலக் கோப்பை எங்களுக்கே வந்தது. சென்ற ஆண்டு சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் மில் க்ரீக் அரசுப் பள்ளியை அறுபத்து மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். மூன்று பேருக்குத் தோள்பட்டை இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்று அவர்களுக்குக் கைகொடுத்தார்கள். கை இருந்தவர்களுக்கு.

இந்த ஆண்டு செப்டம்பரில்தான் சோதனை வந்தது. மாதக் கடைசி நாள், எண்ணிக்கை நாள். அன்று பதிவேட்டில் எத்தனை பேரோ அதுதான் ஆண்டு முழுவதுக்கும். அதற்கு மூன்று நாள் முன்பு நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. டோனட் பெட்டியை யாரும் திறக்கவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

"முந்நூத்தி ஒண்ணு," என்றார் ஃபாதர். "ஒன்றரையால பெருக்கினா நானூத்தி ஐம்பத்தி ஒண்ணரை. நாலாம் பிரிவு."

"ஒரே ஒரு பிள்ளை குறைஞ்சா போதும்," என்றார் ப்ரஷ்கா. "சரியா நானூத்தி ஐம்பது."

யார் அந்தப் பிள்ளை? அணியில் கை வைக்க முடியாது, லத்தீன் அழிந்துவிடும். இடைவேளையில் வாசிக்கும் பேண்டு குழுவையும் தொட முடியாது. மற்றவர்கள் முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள். பெற்றோர் வழக்கறிஞரோடு வருவார்கள். பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நின்றது. பந்து விளையாடாத, வாத்தியம் வாசிக்காத, எந்நேரமும் வேதியியல் ஆய்வகத்திலேயே கிடக்கிற பதினேழு வயதுப் பெண். ஒட்டிலி ஓவர்பெக். என் பேத்தி.

எல்லோரும் டோனட் பெட்டியைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"எங்க குடும்பம் இந்தப் பள்ளிக்கு மைதானம் குடுத்துருக்கு. ஒரு பொண்ணைக் குடுக்க மாட்டோமா?"

ப்ரஷ்காவின் கண்கள் கலங்கின. பிறகு டோனட் பெட்டி திறக்கப்பட்டது.

அன்று மாலை ஒட்டிலிக்கு விளக்கினேன். சாலையைக் கடந்து மில் க்ரீக் பள்ளியில் ஒரு வாரம் இருந்தால் போதும், எண்ணி முடித்ததும் திரும்பிவிடலாம் என்றேன்.

"தாத்தா, நான் இங்க எத்தனை ஆளு?"

"ஒன்றரை."

"மில் க்ரீக்ல?"

"அது அரசுப் பள்ளி. ஒண்ணு."

"ரோடைத் தாண்டுறப்ப அந்த அரை ஆளு எங்க போகும்?"

"அது நிர்வாக விஷயம்மா."

அவள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போனாள். ஓவர்பெக் ரத்தம். எதிர்த்துப் பேசவில்லை.

நாங்கள் ஒரே ஒரு பிழை செய்தோம், அதுவும் நேர்மையால் வந்தது. மாணவர் விலகினால் சங்கத்தின் படிவத்தில் காரணம் குறிக்க வேண்டும். அதில் மூன்றே கட்டங்கள்: குடிபெயர்வு, மரணம், ஒழுங்கு நடவடிக்கை. ஒட்டிலி வீடு மாறவில்லை. சாகவும் இல்லை. பள்ளி எழுத்தர் பொய் எழுதத் தெரியாத அம்மாள். மீதமிருந்த கட்டத்தில் டிக் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் முடிதிருத்தகத்தில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"உங்க பேத்தி லேபுக்கு நெருப்பு வச்சிருச்சாமே?" என்றார் முடிதிருத்துகிறவர், கத்தியைத் தீட்டியபடி.

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது. சிலபேரு நெருப்பு இல்லைங்கறாங்க, விஷவாயுங்கறாங்க. நான் அதை நம்பலை."

பாதி மீசையோடு வீட்டுக்கு வந்தேன். ஒட்டிலி சமையலறையில் மக்ரோனி தின்றுகொண்டிருந்தாள்.

"அங்க என்னை லேபுக்குள்ள விட மாட்டேங்கறாங்க தாத்தா. ஒழுங்கு நடவடிக்கைல வந்த பொண்ணாம், ரசாயனம் தொடக் கூடாதாம். எனக்கு என்னென்னவோ ஆறுதல் சொல்றாங்க. ஒருத்தன் ஆட்டோகிராஃப் கேட்டான்."

"ஒரு வாரத்துல திரும்பிடலாம்மா."

"ஒழுங்கு நடவடிக்கைல போனா ஒரு வருஷம் திரும்ப முடியாது. படிவத்தோட பின்பக்கத்தைப் படிச்சீங்களா? நவம்பர் ஒண்ணாம் தேதி யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடணும். வேதியியலுக்கு. அதுல இந்த ஒரு வரி இருந்தா எவனும் என்னை உள்ள விட மாட்டான்." முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணுமே பண்ணலை தாத்தா."

ஃபாதர் லாம்பர்ட்டிடம் போனேன். படிவத்தைத் திருத்தச் சொன்னேன்.

"திருத்தினா எண்ணிக்கையைத் திரும்பத் தொறப்பாங்களே மிஸ்டர் ஓவர்பெக். வேற என்ன கட்டம் இருக்கு?"

"மரணம்னு மாத்திடலாமா?" என்றார் ப்ரஷ்கா. "சீசன் முடியற வரைக்கும்தான்."

நான் அவரை வெறித்துப் பார்த்தேன். அவர் அதைப் பரிசீலனை என்று எடுத்துக்கொண்டு, "மலர்வளையம் நாங்க வாங்கிடறோம்," என்றார்.

இந்த நிலையில்தான் மில் க்ரீக்கின் பயிற்சியாளர் டக்கெட், ப்ரோடியை விளையாடுவதற்காகவே பிடித்து வந்தோம் என்று சங்கத்தில் புகார் கொடுத்தார். தோற்றவர்கள் செய்கிற வேலை. தங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடுகிறவர்களுக்கு வேறென்ன தெரியும்? அக்டோபர் மூன்றாம் வாரம் விசாரணை. சாட்சி, நிர்வாகக் குழுத் தலைவராகிய நான்.

சங்க அலுவலகத்தில் ஒரு நீள மேசை, ஒரு கொடி, தண்ணீர்ப் பாட்டில்கள். விசாரணைத் தலைவி மிஸஸ் ஸ்வெய்டா முன்னாள் நீதிபதி. குரலை உயர்த்தாத அம்மாள். ஒரு பக்கம் டக்கெட். மறுபக்கம் ஃபாதர், ப்ரஷ்கா, நான். பின்வரிசையில் ஒட்டிலி; காரில் தானும் வருவதாகச் சொல்லி வந்திருந்தாள்.

'விளையாட்டுக்காக எந்த மாணவரும் சேர்க்கப்படவும் இல்லை, நீக்கப்படவும் இல்லை' என்ற உறுதிமொழி என் முன் வைக்கப்பட்டது. இதே தாளில் எட்டு ஆண்டுகள் கை நடுங்காமல் கையெழுத்திட்டிருக்கிறேன். பேனாவைத் திறந்தேன்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்," என்றார் மிஸஸ் ஸ்வெய்டா. "இந்த வருஷம் ஒரு மாணவி விலகியிருக்காங்க. ஒழுங்கு நடவடிக்கை. பேரு ஓவர்பெக். உங்களுக்கு உறவா?"

"பேத்தி."

"அப்படியா. வருத்தமா இருக்கு. எல்லாக் குடும்பத்துலயும் நடக்கறதுதான்."

டக்கெட் அனுதாபத்தோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறுபத்து மூன்றுக்குப் பூஜ்யம் வாங்கிய மனிதர், ஓவர்பெக்குகளுக்காக இரக்கப்படுகிறார்.

எழுந்தேன். ப்ரஷ்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, எங்க குடும்பத்துல எவரும் ஒழுங்குத் தப்பு செஞ்சதில்லை. அந்தப் பொண்ணு ஒரு சோதனைக் குழாயைக்கூட உடைச்சதில்லை. எண்ணிக்கையில ஒண்ணரை குறையணும்னு நாங்கதான் அவளை எடுத்தோம். அவ்வளவுதான்."

"மிஸ்டர் ஓவர்பெக்," என்றார் ஃபாதர் மெல்ல, "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, உக்காருங்க."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன் அவளை எடுத்தோம்? அவளுக்கு விளையாடத் தெரியாது. விளையாடத் தெரிஞ்ச அறுபது பேரை நாங்க வச்சுக்கிட்டோம்."

"அந்த அறுபது பேரு எப்படி வந்தாங்க?"

"நான் போய்க் கூட்டிட்டு வந்தேன். என் சொந்தக் கார்ல. ப்ரோடி வீட்டுக்கு நாலு தடவை போனேன். ஓவர்பெக் பொய் சொல்ல மாட்டான் அம்மா, எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். ப்ரஷ்காவின் கையில் என் கோட்டுப் பொத்தான் ஒன்று இருந்தது. டக்கெட் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, குடிக்க மறந்து, மடியில் ஊற்றிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. ஒட்டிலியின் பதிவிலிருந்து அந்த வரி நீக்கப்பட்டது. விண்ணப்பத்துக்கு ஒரு தடையும் இல்லை. எட்டுக் கோப்பைகளைப் பள்ளி திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃபாதரும் ப்ரஷ்காவும் வேறொருவர் காரில் போய்விட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. குடும்ப மானம் முழுசாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது, என் காரின் முன்னிருக்கையில்.

மில் க்ரீக் மைதானத்தைத் தாண்டும்போது ஒட்டிலி கேட்டாள்.

"இதெல்லாம் எட்டு வருஷமா உங்களுக்குத் தெரியுமா தாத்தா?"

"தெரியாம என்ன. கார் ஓட்டினதே நான்தானே."

"அப்போ ஏன் முன்னாடியே சொல்லலை?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகச் சொன்னேன்.

"எட்டு வருஷமா அடி வாங்கினது அடுத்த வீட்டுப் பிள்ளைங்கதானேம்மா."