அப்படியே கட்சி வாழ்ந்ததும் வீழ்ந்ததும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது; ஒருநாள் விடிந்து பார்த்தால் இல்லை. யாரும் விரட்டவில்லை. நீர்த்துறைக் கமிட்டிகளுக்கு நடந்த சாதாரணத் தேர்தலில் அதன் ஆட்கள் பெரிய துறைகளில் எல்லாம் மண்ணைக் கவ்வ, மானமுள்ள சிங்கம் பிடரியை வாரிக்கொண்டு, பின்பக்க ஒற்றையடிப் பாதை வழியாகப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. காடு குடியரசு ஆகிவிட்டது.

இதில் அதிகம் பதறியவர்கள் சிங்கத்திடம் அடிபட்டவர்கள் அல்ல. அதன் நிழலில் கொழுத்தவர்கள். அவர்களுக்குத் தெய்வம் போல வந்து வாய்த்தவர்தான் கடமான் மார்த்தாண்டர்.

மார்த்தாண்டர் சிங்கத்திடம் பதினோரு வருஷம் மந்திரியாக இருந்தவர். மானைப் போய்ச் சிங்கம் தின்னாமல் வைத்திருந்ததா என்று கேட்காதீர்கள். கோப்பு படிக்கத் தெரிந்தவரை எந்த ராஜாவும் அவசரப்பட்டுத் தின்பதில்லை. ஆனால் ஒருநாள் சிங்கம் அவரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஆட்சி முழுவதையும் ஒரு புலித் தளபதியிடம் கொடுத்துவிட்டது. மக்களாட்சியின் மகத்துவம் மார்த்தாண்டருக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது அவர் பாறைமேல் ஏறி நின்று, இரண்டே வரியில் தன் கொள்கையைச் சொன்னார். "ராஜா வேண்டாம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

கூட்டம் சொக்கிப்போனது. கட்சிக்கு 'அப்படியே கட்சி' என்று பெயரும் நிலைத்துவிட்டது.

மறுநாளே உறுப்பினர் படிவம் வாங்க வரிசை மூங்கில்காடு வரை நீண்டது. சிங்கத்துக்குக் குடை பிடித்த கரடி, சிங்கம் கொட்டாவி விட்டால்கூடக் கவிதை பாடிய கொக்கு, சிங்கத்தின் மிச்சத்தைத் தின்றே தொப்பை வைத்த நரிகள் எல்லாரும் நின்றார்கள். படிவத்தில் மூன்றாவது கேள்வி, 'சிங்க ஆட்சியை எதிர்த்தீர்களா?' என்பது. பதிலுக்கு இரண்டு கட்டங்கள்: 'ஆம்', 'மனத்துக்குள்'. இந்த இரண்டாவது கட்டத்தைக் கண்டுபிடித்தவர் மார்த்தாண்டரேதான். அதற்கே ஒரு சிலை வைக்கலாம். வந்தவர்கள் அத்தனை பேரும் அதில்தான் டிக் அடித்தார்கள்.

ஒரே ஒரு ஜீவன் மட்டும் விழித்தது. சருகுமான் செண்பகம்; முயல் அளவுதான் இருப்பாள், ஒரு காது கிடையாது.

"மனத்துக்குள்ளன்னா என்னங்கய்யா? நான் நேராவே போய்க் கேட்டேன், குட்டிங்கள ஏன் புடிக்கிறீங்கன்னு. அப்பத்தான் இந்தக் காது போச்சு."

மார்த்தாண்டர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அப்ப 'ஆம்'ல போடும்மா. அதுவும் இருக்கட்டும்."

கட்சிக்குச் சபையில் இருபத்திரண்டு இடம் கிடைத்தது; பெரும்பான்மை குரங்குக் கட்சிக்கு. கோப்பு படிக்கத் தெரிந்தவர் என்று குரங்குகள் மார்த்தாண்டரையே இடைக்காலத் தலைவர் ஆக்கின. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். உச்சிவேளையில் ஒரு நாழிகை, நீர்த்துறையில் யாரும் யாரையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார். அமைதி நாழிகை என்று பெயர். காட்டின் வரலாற்றில் முதல் தடவையாகச் சிறு பிராணிகள் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தன. அதைப் பார்த்து மார்த்தாண்டருக்கே கண் கலங்கியது.

இன்னொரு விதியும் எழுதினார். ஏதாவது தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகள் சமமாக வந்தால், மூன்றாவது கட்சி கைகாட்டும் பக்கம், அது போடும் நிபந்தனைப்படி ஆட்சி நடக்கும். குரங்குக் கட்சியினர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அது என்னிக்கு நடக்கப்போகுது!" மார்த்தாண்டரும் கூடவே சிரித்துவைத்தார்.

அப்புறம்தான் மயில் விவகாரம் வந்தது. ஆலமரத்து மயில்கள் ஆடினால்தான் மழை வரும் என்பது ஐதீகம். அதனால் காட்டில் பழுக்கும் முதல் பழமெல்லாம் மயில்களுக்கு. சபையில் பெரும்பான்மையாக இருந்த குரங்குகள், இனி ஒரு பழம்கூடக் கிடையாது என்று சட்டம் கொண்டுவந்தன. மார்த்தாண்டர் எழுந்தார்.

"பாதிப் பழம்னு வச்சுக்கலாமே?"

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மூன்று பக்கத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தார். குரங்குகள் அதைப் படிக்காமலே கைதட்டி, அவரைக் காட்டின் கௌரவத் தலைவர் ஆக்கின. அதிகாரம் எதுவும் இல்லை. உட்கார ஒரு பாறையும் கழுத்துக்கு ஒரு மாலையும் உண்டு. மாலையை மத்தியானத்துக்குள் அவரே தின்றுவிட்டார்.

காட்டுப்பன்றிகள் சும்மா இருக்குமா? மயிலுக்குப் பழம், ஊருக்கு ஒழுங்கு என்று புதிதாக ஒரு கட்சி தொடங்கின. அவற்றின் தலைவர் கோரைமூக்கன் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்: "குரங்கோட கைகோத்து ராஜாவ அனுப்பினது யாரு? இப்ப மயிலுக்காகக் கண்ணீர் வடிக்கிறது யாரு?" அந்தப் பக்கம் குரங்குகளோ மார்த்தாண்டரைச் 'சிங்கத்தின் வால்' என்றன. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்திலிருந்து ஓசையாவது வரும். இவரிடமிருந்து அறிக்கைதான் வந்தது.

கட்சி அலுவலகத்தில் மறுபடி வரிசை. அதே கரடி, அதே கொக்கு, அதே நரிகள். இந்தத் தடவை அட்டையைத் திருப்பிக் கொடுக்க.

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்றது கரடி. "மனசுக்குள்ள நாங்க என்னிக்கும் உங்க கட்சிதான்."

கட்சிச் செயலாளர் முள்ளம்பன்றி பரசுராமன் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போய் 'உண்மையான அப்படியே கட்சி' ஆரம்பித்தார். அது அடுத்த வாரமே இரண்டாக உடைந்து, இரண்டும் பன்றிகளிடம் போய்ச் சேர்ந்தன.

தேர்தல் வந்தது. பன்றிகள் ஒளிக்கவில்லை. அமைதி நாழிகையை ஒழிப்போம் என்று வெளிப்படையாகவே சொல்லின. "தாகம் எடுத்தவன் குடிக்கட்டும், பசிச்சவன் தின்னட்டும். அதானே சுதந்திரம்?" குரங்குகளோ, பெரிய பிராணிகள் வளைத்துப் போட்டிருக்கும் புல்வெளிகளை எல்லாருக்கும் பங்கு போடுவோம் என்றன. ஊற்றங்கரையில் நாலு திசையும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புல்வெளி உண்டு. அது மார்த்தாண்டருடையது. இதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

வாக்குச்சாவடி வரிசையில் செண்பகம் அவருக்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் பிறந்து ஒன்பது நாளான குட்டி.

"ஐயா, இதுக்கு இன்னும் ஓடத் தெரியாது. அந்த நாழிகை போச்சுன்னா நாங்க தண்ணிப் பக்கமே போக முடியாது. எல்லாரும் போயிட்டாங்க. உங்களத்தான் நம்பி இருக்கேன்."

"நான் இருக்கேன்மா," என்றார் மார்த்தாண்டர். அப்போது அவர் மனதாரத்தான் சொன்னார்.

மறைப்புக்குள் போனார். மின்னும் இயந்திரத்தில் மூன்று பொத்தான்கள். தன் கட்சிப் பொத்தான்மேல் குளம்பை வைத்தார். எடுத்தார். யோசித்தார். நம் கட்சிக்கு யார் போடப்போகிறார்கள்? ஓட்டை வீணாக்கலாமா? குரங்கு வந்தால் புல்வெளி போச்சு. பன்றிகள் வாயால்தான் முரடர்கள். பதவி வந்தால் நிதானமாகிவிடுவார்கள். எப்படியும் மனசுக்குள் நம் ஓட்டு நம் கட்சிக்குத்தானே.

பன்றிப் பொத்தானை அமுக்கினார். இயந்திரம் 'கீய்ங்' என்றது.

சாயங்காலம் ஆந்தை முடிவை வாசித்தது. குரங்குக் கட்சி முன்னூற்றுப் பதினொன்று. பன்றிக் கட்சி முன்னூற்றுப் பன்னிரண்டு. அப்படியே கட்சி ஒன்று.

மார்த்தாண்டருக்குக் கணக்கு சட்டென்று புரிந்தது. பன்றிக்குப் போட்ட தன் ஓட்டைத் தன் கட்சிக்கே போட்டிருந்தால் இரண்டும் சமம். அவர் எழுதிய விதி. அவர் கட்சி கைகாட்டும் பக்கம் ஆட்சி. அமைதி நாழிகையும் புல்வெளியும், ஏன், அந்தப் பாதிப் பழமும்கூட, அவர் வாயசைப்பில் இருந்திருக்கும்.

கோரைமூக்கன் வந்து முதுகில் தட்டினார். "உங்க ஓட்டாவது உங்களுக்கு விழுந்துச்சே தலைவரே. கொள்கைன்னா அது கொள்கை."

கூட்டம் கைதட்டியது. மார்த்தாண்டர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் உச்சிவேளை. அமைதி நாழிகை காலையிலேயே ரத்தாகியிருந்தது. நீர்த்துறையின் நாலு பக்கமும் செந்நாய்கள் சாவகாசமாகப் படுத்திருந்தன. தூரத்தில் ஒரு புதருக்குள் செண்பகம் நின்றாள். குட்டி அவள் வயிற்றுக்கடியில் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. அந்தப் பக்கமாக வந்த மார்த்தாண்டரை அவள் மெல்லக் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரு ஓட்டுன்னு சொன்னாங்களே, அது நான் போட்டது. உங்களோடது எங்க?"

மார்த்தாண்டர் கொம்பைத் தாழ்த்தினார். "மனசுக்குள்ள போட்டேம்மா," என்றார்.

செண்பகம் தண்ணீரைப் பார்த்தாள். செந்நாய்களைப் பார்த்தாள். "அப்ப குட்டியையும் மனசுக்குள்ளயே குடிச்சுக்கச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, அதை முகத்தால் தள்ளிக்கொண்டு காய்ந்த காட்டுக்குள் போனாள்.

மார்த்தாண்டர் தன் புல்வெளிக்குத் திரும்பினார். அது அப்படியே இருந்தது.

நீதி: நடுநிலைமை மிக உயர்ந்த குணம், ஆகவே அதை யார் கைக்கும் எட்டாதபடி, மனத்துக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்தால் யாருக்காவது பயன்பட்டுவிடும்.