டோப்ரி தலையாட்டிய விதம்

“நான் செத்த பிறகு போ. அதுவரைக்கும் இந்த வீட்டுலேருந்து எவளும் எங்கேயும் போகப்போறதில்ல.”

“எவளும்னா? இங்க இருக்கறதே நான் ஒருத்திதானேப்பா.”

டோப்ரியும் மகள் ரலிட்சாவும் போட்ட சத்தம் ஆறு மாடிக்கும் கேட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை. பல்கேரியாவின் ரூசே நகரில் எங்கள் கட்டடத்தின் வாசல் கதவில், குடியிருப்பவர்களின் பெயர்களைவிட இறந்தவர்களின் அறிவிப்புத் தாள்களே அதிகம். இளசுகள் எல்லாம் ஜெர்மனி, ஸ்பெயின் என்று போயாயிற்று. போகும்போது எல்லோரும் ஒரு வருஷம் என்றுதான் சொன்னார்கள்.

ரலிட்சாவுக்கும் ஒரு வருஷம்தான். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டை ஆஸ்திரியாவில் உதவித்தொகையோடு படிக்கலாம். பாக்கி ஒன்றே ஒன்று: அங்கிருந்து பேராசிரியர் ஹூபர் வீடியோவில் பேசி, வீட்டில் சம்மதமா என்று கேட்பாராம். முன்பு போன ஒரு பையன், வீட்டில் அழுகிறார்கள் என்று பாதியில் ஓடிவந்ததன் பலன்.

மனைவியை இழந்த டோப்ரிக்கு, இனி யாரோடு உட்கார்ந்து சூப் குடிப்பது என்பதுதான் கவலை. அதை மட்டும் அவர் சொல்லவில்லை. குளிர், செலவு, ஆஸ்திரியாக்காரன் சமையல் என்று மற்றதையெல்லாம் கத்தினார்.

“சரி, வாயைத் திறக்காம என் பின்னால நின்னாப் போதும். அதையாவது செய்யுங்க,” என்றாள் மகள்.

எதிர்வீட்டுச் சோன்காதான் படிக்கட்டில் வழி சொன்னாள். “வாயைத்தானே திறக்கக் கூடாதுன்னா? தலை இருக்கில்லண்ணே. அதை ஆட்டிடுங்க.”

வீடியோவில் ஹூபர் சம்மதமா என்று கேட்டார். ரலிட்சா மொழிபெயர்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் டோப்ரி தலையை மேலும் கீழும் நன்றாக ஆட்டினார். எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் ‘மாட்டேன்’. பக்கவாட்டில் ஆட்டினால் ‘சரி’. மற்ற உலகத்துக்கு இது தலைகீழாகப் போனது எங்கள் குற்றமல்ல.

ஹூபர் புன்னகைத்து எதையோ எழுதிக்கொண்டார்.

டோப்ரிக்கு உறைத்தது. வெளிநாட்டுக்காரனுக்கு வெளிநாட்டு முறையில்தான் சொல்ல வேண்டும் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் ரலிட்சா திரும்பினாள்.

“நிஜமாவாப்பா?” அவள் கண் கலங்கிவிட்டது. ஹூபரிடம், “எங்க ஊர்ல இப்படி ஆட்டினா சம்மதம்னு அர்த்தம், சார்,” என்று ஜெர்மனில் அவசரமாகச் சொன்னாள்.

டோப்ரி மேலும் கீழும் ஆட்டினார், பக்கவாட்டில் ஆட்டினார், கடைசியில் வட்டமாகவே சுழற்றினார்.

“உங்க அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம் போல,” என்றார் ஹூபர்.

கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பெண்ணிடம் எந்தத் தகப்பன் விளக்கம் சொல்வான்? “கழுத்து வலிக்குது, விடும்மா,” என்றார். அது உண்மையும்கூட.

ரலிட்சா புறப்பட்ட அன்று, பயணம் தடையில்லாமல் ஓட வாசலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கமாயிற்றே, டோப்ரி ஊற்றினார். குவளைக்குப் பதில் வாளி கவிழ்ந்தது. சோன்கா வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யோசனை சொன்ன பாவத்தைத் தீர்த்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் மூன்றானது. சோன்கா தன் மகளோடு வர்னா நகருக்குக் குடிபோனாள். வாசல் கதவில் தாள்கள் கூடின. டோப்ரி சூப் வைப்பதை நிறுத்திவிட்டு ரொட்டியோடு முடித்துக்கொண்டார். ரலிட்சா அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். கூடப் படித்த போர்ச்சுகல் பையனைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

கல்யாணம் மட்டும் ரூசேயில். ஹூபரும் வந்திருந்தார். ரக்கியா என்ற பழச்சாராயக் கோப்பையோடு டோப்ரியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிசிறில்லாத பல்கேரிய மொழியில் மெதுவாகச் சொன்னார்:

“எங்க அம்மா இந்த ஊர்க்காரிதாங்க, நீங்க முதல்ல ஆட்டினப்பவே வேணாம்னு நல்லாப் புரிஞ்சுது, ஆனா அம்மா ஆஸ்திரியாவுக்குக் கிளம்பறப்ப எங்க தாத்தாவும் அப்படித்தான் ஆட்டினாராம், அம்மா அதைக் கேட்டிருந்தா நான் பொறந்தே இருக்க மாட்டேன்.”