கண்ணாடி மூலையில் ஒரு முத்திரை

எங்கள் வீட்டில் டிரைவர் சீட் என்னுடையது. இதை நான் எந்தச் சபையிலும் தைரியமாகச் சொல்லுவேன். டிவி ரிமோட், பீரோ சாவி, என் சம்பளம், என் தூக்கம் எல்லாம் டோரதி இலாகா. அவள் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். பெரிய டாக்டரே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வார்டுக்குள் கால் வைப்பார். ஆனால் கார் மட்டும் என் ராஜ்ஜியம். அவளும் லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காகிறது. ஓட்டக் கேட்டால், "கிளட்ச் டைட்டா இருக்கு டோரதி, உனக்கு முட்டி வலி வந்துடும்" என்று அக்கறையாகச் சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த சீட்டுக்கு இந்த லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதத்தில், ஆப்பு வந்தது. ஆப்பைச் சீவினது நானேதான்.

லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனையில் ஆயர் உருக்கமாகப் பேசிவிட்டார். பாகாயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் அறிவித்தேன்.

"ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டேன்."

"வேணாங்க" என்றாள் டோரதி. "நீங்க ஆம்பூர்ல வேலை செய்றீங்க."

"அதுக்கு இன்னா?"

"ஃபாக்டரி கேட்டைத் தாண்டினா பிரியாணி வாசனை. போன வருஷம் இப்படித்தான் சொன்னீங்க, அந்த வாரமே சட்டையில மசாலா."

"அது போன வருஷம். இந்த ஜார்ஜ் வேற."

"சரி, வேற ஜார்ஜ். விரதத்தை மீறினா கார் சாவி என் கைக்கு வந்துடணும். அதுக்கப்புறம் கிளட்ச்சு, முட்டின்னு பேச்சே இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"நான் சாட்சி" என்றாள் எட்டாவது படிக்கும் எங்கள் மகள் கெசியா. இந்த வீட்டில் எனக்கு எதிராக மட்டும் சாட்சிகள் சீக்கிரம் கிடைப்பார்கள்.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் ஷூ கம்பெனியில் லேபிள் செக்‌ஷன் சூப்பர்வைசர். மேலே தோலா, உள்ளே துணியா, எந்த ஊர் சைஸ், எல்லாம் லேபிளில் சரியாக இல்லாவிட்டால் ஒரு ஜோடி வெளியே போகாது. வீட்டிலும் உப்பு டப்பாவிலிருந்து துடைப்பம் வரைக்கும் லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பழைய காரை வாங்கும்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. புரோக்கரை நிற்க வைத்து டோரதிக்கு வகுப்பு எடுத்தேன்.

"இங்க பாரு, ஒவ்வொரு கண்ணாடி மூலையிலயும் பொடி எழுத்துல முத்திரை இருக்கும். கம்பெனி பேரு, ஐஎஸ்ஐ குறி. அது இருந்தாத்தான் சேஃப்டி கண்ணாடி. உடைஞ்சா கல்கண்டு மாதிரி உதிருமே தவிர ஆளைக் கிழிக்காது. முத்திரை இல்லாத கண்ணாடியை வண்டியில மாட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஒண்ணுல மட்டும் முத்திரை காணோம்னா இன்னா அர்த்தம்? எவனோ உடைச்சிட்டு மாத்தியிருக்கான்."

டோரதி கொட்டாவி விட்டாள். காதில் ஏறவில்லை என்று நினைத்தேன்.

லெந்தில் பாதி தாண்டியது. அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. கேட்டுக்கு வெளியே தம் உடைத்த பிரியாணி வாசனை வந்தது. கூடவே என் தோஸ்த் தபரேஸும் வந்தான். கட்டிங் செக்‌ஷன்காரன்.

"ஒரு பார்சல் மட்டும் வாங்கிக் குடு" என்றேன். "கடைக்குள்ள நான் வர முடியாது. எங்க சபை ஆளுங்க யாராவது உட்கார்ந்திருப்பாங்க."

வாங்கிக் கொடுத்தான். மட்டன், கூடவே கத்தரிக்காய் தொக்கு. அவனையும் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினேன். பார்சலைப் பின்சீட்டில் வைத்தேன். கை கழுவ இறங்கினேன். குமிழை அழுத்திக் கதவைச் சாத்துவது என் பழக்கம். பழைய வண்டி, சாவி இல்லாமலே நாலு கதவும் பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே தொங்கியது. பிரியாணி ஆவி கண்ணாடியில் படிய ஆரம்பித்தது.

"வீட்ல இன்னொரு சாவி இருக்குமே?" என்றான் தபரேஸ்.

"இருக்கு. டோரதி ஹேண்ட்பேக்ல."

"போன் பண்ணுங்க."

"பண்ணி? பார்சல் உள்ள மாட்டிக்கிச்சு, விரதத்தைக் காப்பாத்தும்மான்னு சொல்லவா?"

"மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஒரு மணி நேரம் ஆவும்."

"ஆறிடும்."

தபரேஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் கல்லை எடுத்தேன். இடப்பக்கப் பின்கண்ணாடி ஒரே போடில் உதிர்ந்தது, நான் வகுப்பெடுத்த மாதிரியே. தொக்குப் பொட்டலம் கிழிந்து சீட்டெல்லாம் ஓடியது. இலைக்கட்டு தப்பித்தது. மரத்தடியில் நின்றே சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பிரியாணியை நான் அதுக்கு முன்னாடி சாப்பிட்டதில்லை.

பிறகு பேஜார் ஆரம்பித்தது. தபரேஸுக்குத் தெரிந்த கடையில் சாயங்காலத்துக்குள் வேறு கண்ணாடி மாட்டிக் கொடுத்தார்கள். சீட்டைத் துடைத்தேன், பெருக்கினேன், மல்லிகை சென்ட் அடித்தேன். எல்லாம் கச்சிதம். கண்ணாடி மூலையைப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. முத்திரை இல்லை. என் தொழிலுக்கே அவமானம். ஆனாலும் அந்தப் பொடி எழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் கோயில் முடிந்து வந்ததும் டோரதி காபியை நீட்டினாள்.

"ஏங்க, நம்ம வண்டியில எல்லா கண்ணாடியிலயும் அந்த முத்திரை இருக்குல்ல?"

"எந்த முத்திரை?"

"நீங்க சொல்லுவீங்களே, பொடி எழுத்து. இப்ப வண்டியை நிறுத்தி அதையெல்லாம் பாக்குறாங்கன்னு ஆஸ்பத்திரில பேசிக்கிறாங்க."

"இருக்கே. எல்லாத்துலயும் இருக்கு."

"நாளைக்கு நான் வேலை முடிஞ்சு வந்து ஒரு தடவை பாத்துடறேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும்."

அந்த 'இருந்தாலும்' என்னை ராத்திரி பூராவும் தூங்க விடவில்லை. திங்கட்கிழமை வலப்பக்கக் கண்ணாடியின் முத்திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஃபாக்டரிக்கு ஓடினேன். உணவு இடைவேளையில், ஷூவுக்குள் ஒட்டுகிற, கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஃபிலிமில், அதே அளவு, அதே எழுத்து, அதே சாம்பல் நிறத்தில் ஒன்று அடித்தேன். ஒட்டிப் பார்த்தேன். வலது எது, இடது எது என்று எனக்கே தெரியவில்லை. என் வாழ்நாளில் செய்த லேபிள்களிலேயே அதுதான் சிறந்தது. யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியவில்லையே என்றுதான் வருத்தம்.

சாயங்காலம் டோரதி காரைச் சுற்றி வந்தாள். கெசியா பின்னாலேயே. இடப்பக்கப் பின்கண்ணாடியிடம் டோரதி குனிந்தாள்.

"இருக்கு" என்றாள்.

"நான்தான் சொன்னேனே" என்றேன்.

"நேத்து காலைல கோயிலுக்குப் போறப்ப இல்லையே."

அவள் பர்ஸைத் திறந்து, மாத்திரைக் கவர் ஒன்றை என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். கல்கண்டு அளவில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் பொடி எழுத்தில் பாதி ஐஎஸ்ஐ குறி. ஓரத்தில் காய்ந்துபோன கத்தரிக்காய் தொக்கு.

"சீட் இடுக்குல இருந்துச்சு" என்றாள். "வண்டியில மல்லிகை வாசனை வந்தப்பவே சந்தேகம். நீங்க எனக்கே மல்லி வாங்கித் தந்ததில்ல."

"டோரதி, அது வந்து..."

"பிரியாணி சாப்பிட்டதுக்கு நான் கோபப்படல. அது உங்களுக்கும் ஆண்டவருக்கும். ஆனா அது கெசியா உட்கார்ற பக்கம். முத்திரை இல்லாத கண்ணாடி உடைஞ்சா இன்னா ஆவும்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான். தெரிஞ்சும் அதுமேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க."

அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. கெசியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கம். நகத்தால் என் தலைசிறந்த லேபிளைச் சுரண்டி எடுத்தேன். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

மறுநாளே அவள் காரை எடுத்துக்கொண்டு போய், முத்திரையோடு கம்பெனிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள். கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம்.

ஈஸ்டர் அன்று திருப்பத்தூரில் மாமியார் வீட்டு விருந்து. டோரதி ஓட்டினாள். நான் பின்சீட்டில். ஆம்பூர் வந்ததும் அவளே பிரியாணிக் கடை ஓரமாக நிறுத்தினாள். கெசியா இறங்கிப் போய் மூன்று பார்சல் வாங்கி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் டோரதி மனசு பெரிய மனசு.

கை கழுவ இறங்கினேன். பழக்கம், குமிழை அழுத்திக் கதவைச் சாத்திவிட்டேன். திரும்பி வந்தால் எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் இலையைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். என் பார்சல் பின்சீட்டில் இருந்தது. ஆவி கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. தட்டினேன்.

டோரதி கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

"கல்லைத் தேடாதீங்க. இது முத்திரை போட்ட கண்ணாடி."