கயித்தண்ணையின் விண்கலம்

ஒரு கதையை ஆயிரம் தடவை சொல்லி, அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரையும் நெடுந்தீவுப் படகில் கயிறு அவிழ்க்க வைத்திருந்தார்கள்.

இறங்குதுறையில் கயிற்றை அவிழ்ப்பது, படகு நகரத் தொடங்கியதும் ஒரே பாய்ச்சலில் உள்ளே ஏறுவது, இதுதான் அவருக்கு வேலை. அதனால் எங்களுக்கு அவர் கயித்தண்ணை. சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஊரான சரவணையிலிருந்து நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்த ஆறு வருடமும் அவருடைய கதையைக் கேட்டபடிதான் நான் கடலைக் கடந்தேன்.

கதை அவர் கட்டியதல்ல. இளவயதில் யாரோ வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்த பழைய ஆங்கில விண்வெளித் தொடர் ஒன்றின் ஒரே ஒரு பகுதி. சிவப்பு மணல் கிரகத்தில் ஒரு விண்கலம் சிக்கி நிற்கிறது. அது கிளம்ப வேண்டுமென்றால் யாராவது வெளியே நின்று, அதைப் பிடித்திருக்கும் கொளுக்கியை விடுவிக்க வேண்டும். மெக்கானிக் இறங்குகிறான், விடுவிக்கிறான். கலம் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவன் கை காட்டுகிறான். அவ்வளவுதான்.

இதைச் சொல்ல அவருக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். கடலைக் கடக்கவும் அவ்வளவு நேரம்தான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் ஒன்றரை மணித்தியாலம். அப்போதெல்லாம் கதையில் வரும் விண்கலக் கப்டன் தன் கிழிந்த கதிரையை விட்டு எழும்பவே கால் மணித்தியாலம் ஆகும். எங்கள் கணித ஆசிரியர் பாவம், அலை எழும்பினால் சத்தி எடுப்பார். கயித்தண்ணை கதையை நிறுத்தி, அவர் வாய் கொப்பளிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். தூங்குகிறவர்களை மட்டும் மன்னிக்க மாட்டார்.

கதையைக் கேட்ட எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வரும். ஒருநாள் எங்கள் பள்ளிக்கூட அதிபரே கேட்டுவிட்டார்.

“நீர் கயித்தை அவிட்டுப்போட்டுப் பாஞ்சு ஏறுறீர்தானே. அவன் ஏன் பாயேல்லை?”

“எழுதினவன் அப்பிடி எழுதேல்லை, சேர். மாத்த எனக்கு என்ன உரிமை?”

அன்று முழுக்க அதிபருக்கு அவர் முகம் கொடுக்கவில்லை. ஆட்டோடு படகேறிய ஓர் அம்மா, வேறொரு கலமாவது வந்து அந்தப் பிள்ளையை ஏற்றட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தார். கணித ஆசிரியர், மெக்கானிக்குக்குப் பதிலாகச் சமையல்காரனை இறக்கிவிடலாம் என்றார். கயித்தண்ணை அசையவில்லை. மெக்கானிக் கை காட்டியதும் எழுந்து, கயிற்றை எடுக்கப் போய்விடுவார்.

ஒரு சோளகக் காலம், வெள்ளிக்கிழமை பிற்பகல். நாங்கள் வீடு திரும்பும் படகில் ஜெசிந்தாவை ஏற்றினார்கள். எட்டு மாதம், வலி முந்திவிட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கூட ஒரு தாதி. கணவன் முதல் நாள் விடியக் கடலுக்குப் போனவர், கரை திரும்பவில்லை. தேடப் போன படகுகளும் காற்றுக்குத் தாக்குப் பிடிக்காமல் திரும்பிவிட்டன. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்திருந்தேன்.

கயித்தண்ணை அன்று கதையை எடுக்கவில்லை. என் புத்தி கெட்ட நேரம், அவள் மனதைக் கொஞ்சம் திருப்பலாமென்று நான்தான் கதையைச் சொல்லச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். அவளும் மெல்ல மெல்லக் காது கொடுத்தாள். மெக்கானிக் கலத்தை விட்டு இறங்கும் இடத்தில்தான் எனக்கு முடிவு ஞாபகம் வந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கொளுக்கி விடுபட்டது. ஜெசிந்தா என் கையை இறுக்கினாள்.

“அண்ணை, அவர் ஏறிட்டாரோ?”

கணித ஆசிரியர்கூடச் சத்தி எடுக்க மறந்துபோனார். கயித்தண்ணை மடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

“ஓம் தங்கச்சி. பாஞ்சு ஏறிட்டான்.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அக்கரைத் துறையான குறிகட்டுவானில் அம்புலன்ஸ் காத்து நின்றது. அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. கணவன் வரவில்லை. பிறகும் வரவேயில்லை.

அதற்குப் பிறகு கயித்தண்ணை கதையை விட்டுவிட்டார். படகு வாயடைத்துப்போய் ஓடியது, கடல் எங்களுக்கு இரண்டு மடங்காக நீண்டது. ஒருநாள் நான் கேட்டபோது, பொய் சொல்லி அந்தத் தங்கச்சியை நம்ப வைத்துவிட்டேன் ரீச்சர் என்று மட்டும் சொன்னார்.

நாலு மாதம் கழித்து, எங்கள் காலைப் படகில் ஜெசிந்தா குழந்தையோடு ஊர் திரும்பினாள். கயிற்றை அவிழ்த்துப் பாய்ந்து ஏறிய மனிதர், அவளைக் கண்டதும் இயந்திர அறைக்குள் புகுந்துகொண்டார். ஆறடி உடம்புக்கு அந்த அறை போதவில்லை. கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. அவள் போய் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“அண்ணை, கதையைச் சொல்லுங்கோ. அவர் பாஞ்சு ஏறினதெண்டே சொல்லுங்கோ.”

கால்கள் மெல்ல மடங்கின. பிறகு அவர் வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார். மெக்கானிக் பாய்ந்து ஏறினான். குழந்தை பாதியிலேயே தூங்கிவிட்டது. அவர் மன்னித்த ஒரே தூக்கம் அதுதான். அன்றிலிருந்து எங்களுக்கும் அதே முடிவுதான். எழுதினவன் என்ன எழுதினான் என்று அதிபர்கூட அதன் பிறகு கேட்கவில்லை.

இப்போது நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். போன மாதம் கைத்தொலைபேசியில் அந்தத் தொடரின் அதே பகுதி தற்செயலாக அகப்பட்டது. சிவப்பு மணல் முதல் கப்டனின் கதிரைக் கிழிசல் வரை, கயித்தண்ணை சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. மெக்கானிக் இறங்கினான். கொளுக்கியில் கை வைத்தான். கலம் அதிரத் தொடங்கியது.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுதினவர் எதையாவது எழுதிவிட்டுப் போகட்டும். எனக்கு முடிவு கயித்தண்ணை சொன்னதுதான்.