தேர் டாக்டர் ஓடிய நாள்

நாஞ்சில் நாட்டில் எங்கள் தேர் டாக்டரைவிட மெதுவாக நடந்த மனிதன் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டான்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தேவைப்படவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாகர்கோவிலில் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். சுசீந்திரம் தேரைப் போல முக்குக்கு முக்கு நிற்பார், பிறகு அசைவார். அதனால் அந்தப் பெயர். ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டவர், அந்தத் தம்பதியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். நாள், கிழமை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். விசாரித்தேன். அது பொய். பந்தல் பிரிக்கும்போதே வந்துவிட்டார்.

மீன் வாங்கினால் வீடு போய்ச் சேர்வதற்குள் அது கருவாடாகிவிடும் என்பது மீன்காரியின் கணிப்பு. "டாக்டரே, நீங்க வாங்குத மீனுக்கு நானே உப்பு போட்டுத் தாரேன்" என்பாள். அவர் நிதானமாக யோசித்து, "போடு பிள்ளே, நல்லதுதான்" என்று சொல்லும்போது அவள் அடுத்த தெருவில் கூவிக்கொண்டிருப்பாள்.

இந்த மனிதரிடம்தான் என் மகள் எஸ்தரின் உயிரை ஒப்படைத்தேன்.

எஸ்தருக்கு முட்டை ஆகாது. மூன்று வயதில், ஒரு கிறிஸ்மஸ் அன்று, முட்டை சேர்த்து, பூவைப் போல இதழ் இதழாகச் சுட்ட அச்சுமுறுக்கை யாரோ கொடுக்க, உதடு வீங்கி மூச்சு விசிலடித்தது. எப்படியோ பிழைத்தாள். அதன்பின் விருந்து வீடுகளில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். "எடுத்துக்கோ மக்கா" என்றால், "இதுல முட்டை உண்டா?" என்பாள். ஒரு துணுக்கு தவறி வாயில் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் என் மனைவி சபை விருந்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு, வருஷம் பிறக்கும் ஆவணி மாதம். வழக்கம்போல எங்கள் வாசலில் வந்து நின்ற டாக்டர், "ஓய், பிள்ளைக்கு முட்டையைக் கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கிப் பாக்கலாமா? சீமையில செய்து பாத்திருக்காங்க" என்றார்.

"எவ்வளவு கொஞ்சம் டாக்டரே?"

"எறும்பு பாத்தா கோவப்படணும். அவ்வளவு கொஞ்சம்."

பெரிய மாவு உருண்டைக்கு ஒரே ஒரு முட்டை. ரொட்டிக்கடை அடுப்பில் நன்றாக வேகவைத்த பிஸ்கட்டு. அதில் ஒரு தூள், அவர் கையால். "நான் பக்கத்துல இல்லாம நாக்குல படப்பிடாது" என்பது கட்டளை. மூச்சுத் திணறலுக்கான ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்து, தாண்டியும் போகும். சோறு போடாமல் எப்படி அனுப்புவது? "டாக்டர் ஒரு தூளுக்கு ஒரு சாப்பாடு வாங்குதாரு" என்று தெரு சிரித்தது.

எஸ்தருக்கே பொறுமை போயிற்று. "பாட்டா, நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாத் தருவியளா?"

"நாளைக்கும் இதேதான் மக்கா. இந்தத் தூளு உனக்கு அலுத்துப் போவட்டும். பொறவு பாப்போம்."

மாசியில், கும்பப்பூ நெல் அறுவடை சமயத்தில் தூள் வளர்ந்து ஒரு சின்னத் துண்டாகியிருந்தது. அப்போது ஆரல்வாய்மொழியிலிருந்து என் அக்கா வந்தாள். எதையும் மெதுவாகச் செய்து அறியாதவள். "ஏலே, இந்தக் கணக்குல போனா, இவ கல்யாணத்துக்குள்ளயாவது ஒரு முட்டையைத் தின்னு தீப்பாளா?" என்றாள். என் மனைவி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, அவித்த முட்டையில் பாதியைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள்.

உதடு வீங்கியது. மூச்சு மறுபடி விசிலடித்தது. நான் வாசலுக்குப் பாய்ந்து "டாக்டரே!" என்று கத்தினேன். அவர் தெருக்கோடியில் அப்போதுதான் உலாவப் புறப்பட்டிருந்தார். அவர் நடையில் எங்கள் வீடு வந்து சேர விளக்கு வைக்கும் நேரமாகும்.

ஓடினார்.

குடை ஒரு பக்கம் போயிற்று, செருப்பு ஒரு பக்கம் போயிற்று. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். வண்டிக்காரன் மாட்டை ஓரம் கட்டினான். மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வாய் பிளந்து நின்றாள். உள்ளே வந்ததும் மடியிலிருந்து ஊசிப்பெட்டியை எடுத்து ஊசி போட்டார். அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது: முதல் தூள் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பெட்டி இல்லாமல் அவர் வீட்டைவிட்டு இறங்கியதேயில்லை.

பிள்ளையின் மூச்சு சீரானது. அக்கா அடுக்களை மூலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மேல்மூச்சு வாங்கியபடியே டாக்டர், "அழாதே பிள்ளே. முட்டை எங்க போயிரப் போவுது? கோழி இருக்கும், நாமளும் இருப்போம். ஆவணி பிறக்கட்டும், முதல்ல இருந்து தொடங்குவோம்" என்றார்.

தொடங்கினார். இந்த முறை தூளைப் பார்த்து எறும்பு அழுதிருக்கும். அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் காவல் அவள்தான். "டாக்டர் வராம யாரும் தட்டைத் தொடப்பிடாது" என்று வீட்டையே மிரட்டுவாள்.

கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பது, மார்கழி. கிறிஸ்மஸ் காலை. முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளை எஸ்தர் முன்னால் கொண்டுவந்து ஒரு முழு அச்சுமுறுக்கை எடுத்தாள். ஓர் இதழை ஒடித்து எதிர் நாற்காலிக்காரருக்குக் கொடுத்தாள். மீதியைத் தின்றாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் இதழை மென்றுகொண்டேயிருந்தார்.

"பாட்டா, சீக்கிரம் தின்னுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் அம்மா இன்னொண்ணு தருவா."

"பாப்போம் மக்கா" என்றார், வாயில் இருந்ததை விழுங்கிய பிறகு.

அவர் நடையைப் பற்றி எங்கள் தெருவில் எத்தனையோ கதைகள் உண்டு. சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர் ஓடியதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருவரும் சிரித்ததில்லை.